தாடையில் ஒரு கறுப்பு வட்டம்: கை வைக்கும் முன் கொஞ்சம் யோசிப்போமே!

சினிமா, கிரிக்கெட், பஸ் பயணம் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று வகுப்பு மக்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை :-) ஆனால் இந்த விஷயத்தைப் பரீட்சைக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடக் கூடாது என்று ரொம்ப நாளாக எனக்கு ஓர் எண்ணம். பல் மருத்துவம் படிக்காதவர்களும் தாராளமாக உள்ளே வரலாம். தாடை எல்லோருக்கும் இருக்கிறது அல்லவா?

விஷயம் இதுதான். தாடை எலும்புக்குள் அபூர்வமாக வரும் கட்டிகள், நீர்க்கட்டிகள், எலும்பு மாற்றங்கள் என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1971-இல் இவற்றுக்கென்று முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. அதன்பிறகு 1992, 2005, 2017, 2022 என்று திருத்திக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பெயர்கள் மாறும், நம் தலைமுடி கொட்டும். பட்டியலை மனப்பாடம் செய்து, படம் வரைந்து, மார்க் வாங்கி வெளியே வந்துவிடுகிறோம். வந்தபின் எக்ஸ்-ரேயில் பல்லின் வேருக்குக் கீழே ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தால் நம் கை தானாக எங்கே போகிறது? ரூட் கேனால் ஃபைலுக்கு. இல்லையென்றால் பல் பிடுங்கும் கொறடுக்கு.

அப்படிப் போவதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வேர் நுனியில் தெரியும் கறுப்பு பெரும்பாலும் சொத்தைப் பல்லால் வந்த சீழ், கிரானுலோமா அல்லது நீர்க்கட்டிதான். தினமும் அதையே பார்க்கும் கண்ணுக்கு எல்லாமே அதுவாகத்தான் தெரியும். என் வாதம் இவ்வளவுதான்: அபூர்வ நோய் என்பதால் யாரும் தப்பாகக் கண்டுபிடிப்பதில்லை, அவசரத்தால்தான் தப்பாகிறது. அந்த அவசரத்தைத் தடுக்கும் வழிகளில் பலவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

முதலில், எக்ஸ்-ரே எப்படி ஏமாற்றுகிறது என்று பார்ப்போம்.

எக்ஸ்-ரேயில் கறுப்பு என்றால் அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்று அர்த்தம். அவ்வளவுதான். அங்கே சீழ் இருக்கிறதா, நீர் இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று அது சொல்லாது. நிழலைப் பார்த்து ஆள் யாரென்று சொல்வது போலத்தான்.

இரண்டு உதாரணம். கீழ்த்தாடையின் பின்பகுதியில், நரம்பு ஓடும் குழாய்க்குக் கீழே, முட்டை வடிவத்தில் ஒரு கறுப்பு தெரியும். வலி இல்லை, வீக்கம் இல்லை, வேறு எதற்காகவோ எடுத்த ஓபிஜி படத்தில் தற்செயலாகக் கண்ணில் படும். 1942-இல் எட்வர்ட் ஸ்டாஃப்னி என்பவர் இப்படி 35 பேரிடம் பார்த்து எழுதினார். அது நோயே இல்லை. எலும்பின் உட்புறத்தில் ஒரு பள்ளம், அதற்குள் பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியின் ஒரு பகுதி. சந்தேகம் இருந்தால் ஒரு சி.டி. எடுத்து உறுதி செய்துகொண்டு விட்டுவிட வேண்டியதுதான். தெரியாமல் திறந்து பார்த்தால் நல்ல எலும்பை வெட்டியதுதான் மிச்சம்.

இன்னொன்று சிமென்டோ-ஆசியஸ் டிஸ்பிளேசியா. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நடுவயதுப் பெண்களுக்குக் கீழ்த்தாடை முன்பற்களின் வேர் நுனியில் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்களாக ஆரம்பிக்கும், வருடங்கள் போகப் போக உள்ளே வெள்ளையாக மாறும். ஆரம்பத்தில் பார்த்தால் அச்சு அசல் சீழ்க்கட்டி போலவே இருக்கும். ஒரே வித்தியாசம்: அந்தப் பற்கள் உயிரோடு இருக்கும். குளிர்ச்சியை வைத்துப் பார்த்தால் "ஸ்ஸ்..." என்று கூசும். அதைச் சோதிக்க ஒரு துண்டு ஐஸ் போதும். அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் விட்டால், எந்தக் குறையும் இல்லாத மூன்று நான்கு பற்களுக்கு ரூட் கேனால் நடந்துவிடும். வட்டமோ அப்படியே இருக்கும். "சரியாகவில்லையே" என்று அடுத்த சுற்று ஆரம்பம். நோயாளிக்குப் பணமும் போச்சு, பல்லின் உயிரும் போச்சு. நோய் மட்டும் போகவில்லை, ஏனென்றால் சிகிச்சை தேவைப்படும் நோயே அங்கு இல்லை. இந்த வகையின் முற்றிய கட்டத்தில் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும். தேவையில்லாமல் பல்லைப் பிடுங்கினாலோ தோண்டினாலோ கிருமி புகுந்து ஆறாத புண்ணாகும் ஆபத்தும் உண்டு.

"சரிப்பா, எக்ஸ்-ரே ஏமாற்றும். ஒரு துண்டு வெட்டி பயாப்ஸிக்கு அனுப்பினால் உண்மை தெரிந்துவிடுமே" என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. மைக்ராஸ்கோப்பும் ஏமாற்றும்!

ஜயன்ட் செல் கிரானுலோமா என்று ஒன்று. பெரும்பாலும் முப்பது வயதுக்குள், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக, கீழ்த்தாடையின் முன்பகுதியில் வரும். 1953-இல் ஹென்றி ஜாஃபி இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நிறைய உட்கருக்கள் கொண்ட ராட்சச செல்கள். சரி, ரிப்போர்ட் வந்தாச்சு, சுரண்டி எடுத்துவிடலாமா?

பொறுங்கள். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று சின்னச் சின்னதாக வழக்கமாக நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் கட்டி வந்து ஹார்மோன் அதிகமாகச் சுரந்தாலும், சிறுநீரகம் கெட்டுப்போய் அதனால் இந்தச் சுரப்பிகள் தூண்டப்பட்டாலும், எலும்பிலிருந்து கால்சியம் உறிஞ்சப்படும். அப்போது தாடையில் பிரவுன் ட்யூமர் என்று ஒரு புண் வரலாம். மைக்ராஸ்கோப்பில் அதுவும் அதே ராட்சச செல்கள்தான், வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது. செரூபிசம் என்ற பரம்பரை நோயிலும் ஏறக்குறைய அதே காட்சிதான். ஆனால் சிகிச்சை? முதலாவதற்கு வழக்கமாக அறுவை. இரண்டாவதில் தாடையில் கை வைக்கவே பெரும்பாலும் தேவையில்லை. கழுத்தில் இருக்கும் சுரப்பியைச் சரிசெய்தால் தாடைப் புண் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். மூன்றாவது, பருவ வயதுக்குப்பின் பெரும்பாலும் தானே குறையும், காத்திருப்பதுதான் முதல் சிகிச்சை.

இந்த மூன்றையும் பிரிப்பது எது? பி.டி.ஹெச். என்ற ஹார்மோன், கால்சியம், பாஸ்பேட் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை, இரண்டு பக்கமும் இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்ற கேள்விகள், "டயாலிசிஸ் செய்துகொள்கிறீர்களா, சிறுநீரகக் கல் வந்திருக்கிறதா" என்ற விசாரணை. கால்சியம் அளவு மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடையவும் கூடாது. சிறுநீரகக் கோளாறால் வருவதில் கால்சியம் சாதாரணமாகவோ குறைவாகவோகூட இருக்கலாம்.

"ராட்சச செல் புண் மறுபடி மறுபடி வந்தால் பாராதைராய்டைச் சோதிக்கவும்" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. என் கருத்து: மறுபடி வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் அறுவைக்கு முன்பே சோதிக்க வேண்டும். ஒருவரின் முன்பற்களை எடுத்து, தாடையைச் சுரண்டிய பிறகு "பிரச்சினை கழுத்தில் இருந்தது" என்று சொன்னால் அந்தப் பற்களை யார் திருப்பித் தருவார்கள்?

இதைவிட அழகான (அல்லது கொடுமையான) உதாரணம் ஒன்று. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா, ஆசிஃபையிங் ஃபைப்ரோமா, மேலே சொன்ன சிமென்டோ-ஆசியஸ் டிஸ்பிளேசியா. மூன்றிலும் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு, அதற்குள் அரைகுறையான எலும்புத் துணுக்குகள். சின்னத் துண்டை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கொடுத்தால் அனுபவசாலி பேத்தாலஜிஸ்டுக்குக்கூட மூன்றையும் பிரிப்பது கஷ்டம். ஆனால் எக்ஸ்-ரேயைப் பக்கத்தில் வையுங்கள். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா எல்லை தெரியாமல் பக்கத்து எலும்போடு கலந்து போகும். ஆசிஃபையிங் ஃபைப்ரோமாவுக்குத் தெளிவான எல்லை இருக்கும். டிஸ்பிளேசியா வேர் நுனிகளைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். இப்போது சிகிச்சையைப் பாருங்கள். முதலாவதை வளர்ச்சி நிற்கும்வரை கவனித்து, முகம் கோணினால் செதுக்கிச் சரிசெய்வார்கள் (கதிர்வீச்சு கொடுக்கவே கூடாது, பின்னாளில் புற்றாக மாறும் ஆபத்து உண்டு). இரண்டாவதை முழுசாக எடுக்க வேண்டும். மூன்றாவதைத் தொடவே கூடாது. செதுக்கு, எடு, தொடாதே. மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய ஒரே முகம், சிகிச்சையோ மூன்று திசை!

ஆக, எக்ஸ்-ரே மட்டும் போதாது, பயாப்ஸி மட்டும் போதாது, ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. நோயாளியைப் பார்த்தவர், படத்தைப் பார்த்தவர், திசுவைப் பார்த்தவர் என்று மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேச வேண்டும். நம் நாட்டில் வாய் மருத்துவம்-ரேடியாலஜி, வாய் நோய்க்கூறியல், முகத்தாடை அறுவை என்று மூன்றுக்கும் தனித்தனி எம்.டி.எஸ். இருக்கிறது. படிப்பைப் பிரித்தது சரி. நோயாளியையும் மூன்று துண்டாகப் பிரித்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. "வலது கீழ்த்தாடை வீக்கம், பயாப்ஸி" என்ற ஒற்றை வரியோடு வரும் படிவத்தை வைத்துக்கொண்டு பேத்தாலஜிஸ்ட் ஜோசியமா பார்க்க முடியும்? வயது, எத்தனை மாதமாக, பல் உயிரோடு இருக்கிறதா, எக்ஸ்-ரேயில் எல்லை எப்படி, அறுக்கும்போது உள்ளே என்ன இருந்தது... இதை எழுத ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் சிகிச்சையில் சேர்த்திதான்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். எலும்புக்குள் ரத்தக் குழாய்களின் பின்னல் இருந்தாலும் எக்ஸ்-ரேயில் கறுப்பாகத்தான் தெரியும். அது தெரியாமல் மேலே இருக்கும் பல்லைப் பிடுங்கி, ரத்தம் நிற்காமல் உயிரே போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் எலும்புக்குள் இருக்கும் எந்தக் கறுப்பையும் திறப்பதற்கு முன் ஊசி போட்டு உறிஞ்சிப் பார் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வைக்கோல் நிறத்தில் நீர் வந்தால் ஒரு கதை, தயிர்த் திப்பி மாதிரி வந்தால் இன்னொரு கதை, சிரிஞ்சைத் தள்ளிக்கொண்டு சிவப்பு ரத்தம் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ஒரு சிரிஞ்சின் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் "கை வைக்காதே" கட்சி. எதிர்க்கட்சியும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.

அமெலோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் அல்ல, ஆனால் சாதுவும் அல்ல. வலிக்காது, மெதுவாக வளரும், அதனால் ஆட்கள் வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். எக்ஸ்-ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டி சில மில்லிமீட்டர் தூரம் எலும்பின் இடுக்குகளுக்குள் செல்கள் ஒளிந்திருக்கும். "புற்று இல்லையே, சின்னதாகச் சுரண்டிவிடலாம்" என்று இரக்கப்பட்டால் பத்து வருடம் கழித்தும் திரும்பி வரும். அதனால் வழக்கமான வகைக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டச் சொல்கிறார்கள். இருபது வயதுப் பையனிடம் "பாதித் தாடையை எடுக்கணும் தம்பி" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்! ஆனால் 1989-இல் டேவிட் ஹிடால்கோ காலிலிருக்கும் ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்துப் பொருத்திக் காட்டிய பிறகு, வெட்டுவது என்பது முகத்தை இழப்பது என்ற நிலை மாறியது. 2014-இல் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பது தெரிய வந்தது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளால் சில நோயாளிகளிடம் கட்டி சுருங்கியதாகக் கட்டுரைகள் வந்துள்ளன. இன்னும் அது அறுவைக்கு மாற்று ஆகிவிடவில்லை. ஆனால் சின்ன வயதுக்காரர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது.

கெரடோசிஸ்ட் கதை இன்னும் சுவாரசியம். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கட்டி என்று பெயர் மாற்றியது. 2017-இல் மறுபடியும் நீர்க்கட்டி ஆக்கிவிட்டது. செல்கள் அதேதான், மாறியது பெயர்ப்பலகை! ஆனால் "கட்டி" என்று கேட்டதும் நோயாளிக்கு வயிற்றைக் கலக்கும், மருத்துவர் கையும் பெரிதாக வெட்டத் துடிக்கும். 1892-இலேயே பார்ட்ஷ் என்ற ஜெர்மானியர் சொன்ன வழி இருக்கிறது: நீர்க்கட்டிக்கு ஒரு சன்னல் வைத்து, அழுத்தத்தை இறக்கி, மாதக்கணக்கில் கழுவிக்கொண்டே இருந்தால் அது தானாகச் சுருங்கும், பிறகு மிச்சத்தை எடுக்கலாம். நரம்பும் தப்பும், பல்லும் தப்பும். ஆனால் நோயாளி தவறாமல் வர வேண்டும், வீட்டில் தினமும் கழுவ வேண்டும். வர முடியாதவருக்கு ஒரே தடவையில் எடுப்பதே நல்லது. எது சரி என்பதை நோயின் பெயர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. அந்த மனிதர் எந்த ஊரிலிருந்து எத்தனை பஸ் மாறி வருகிறார் என்பதும் முடிவு செய்ய வேண்டும்.

பொறுமை வேறு, சோம்பல் வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. காரணமில்லாமல் கீழுதடு மரத்துப்போனால், சொத்தை இல்லாத, ஈறு நோய் இல்லாத பல் திடீரென்று ஆடினால், பல் பிடுங்கிய குழி ஆறாமல் சதை வளர்ந்தால், எக்ஸ்-ரேயில் எல்லை அரித்தது போல் தெரிந்தால் "ஆறு மாதம் பார்ப்போம்" என்று சொல்லக் கூடாது. அது எலும்புப் புற்றாகவோ வேறிடத்திலிருந்து பரவியதாகவோ இருக்கலாம். அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு.

இனி, நான் சொன்னதற்கு வரும் மறுப்புகள்.

"ஏம்பா, வர்ற எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை, சி.டி., பயாப்ஸி என்று எழுதினால் ஏழை ஜனம் எங்கே போவார்கள்?" நியாயமான கேள்வி. நான் எல்லோருக்கும் எழுதச் சொல்லவில்லை. பல் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையும், ஊசி போட்டு உறிஞ்சுவதும், நாலு கேள்வி கேட்பதும் கிட்டத்தட்ட இலவசம். அதில் கணக்கு இடித்தால் மட்டும் அடுத்த படி. தேவையில்லாத மூன்று ரூட் கேனாலை விட ஒரு ரத்தப் பரிசோதனை எப்படிப் பார்த்தாலும் மலிவுதான்.

"பயாப்ஸி என்றாலே ஜனங்கள் ஓடிவிடுகிறார்களே. கத்தி பட்டால் பரவிடும் என்கிறார்களே." ஆமாம், நம் ஊரில் இது பெரிய பயம். ஒரு பாட்டி என்னிடமே சொன்னார், "தொட்டா பெருசாயிடும் கண்ணு, அப்படியே விட்ரு" என்று. பாட்டியைக் கிண்டல் செய்து பயனில்லை. ஏற்கெனவே முற்றிய நிலையில் வந்தவர்கள் பயாப்ஸிக்குப் பிறகு மோசமாவதைப் பார்த்துத்தான் அந்த நம்பிக்கை வந்திருக்கும். முற்றியதால் மோசமானது, கத்தியால் அல்ல. "எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுப்பதுதான் ஆபத்து பாட்டி, தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சின்னத் துண்டு" என்று சொன்னால் கேட்கிறார்கள். சொல்ல நமக்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, வகுப்பு மக்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். எலும்பிலிருந்து சுரண்டி எடுத்த எதையும் குப்பையில் போடாதீர்கள். "சாதாரண நீர்க்கட்டிதான்" என்று தோன்றினாலும் ஃபார்மலினில் போட்டு அனுப்புங்கள். முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றியிருந்த நீர்க்கட்டியின் சுவரில்தான் ஒற்றை அறை அமெலோபிளாஸ்டோமா ஒளிந்திருக்கும், கண்ணால் பார்த்தால் தெரியாது. குப்பைக்குப் போன திசுவை எந்த நிபுணராலும் திரும்ப எடுத்துப் பார்க்க முடியாது.

மற்ற நண்பர்களுக்கு: பழைய எக்ஸ்-ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த படத்தில் அதே வட்டம் அதே அளவில் இருந்தால், அதுவே பாதி நோயறிதல். மருத்துவரிடம் "பல்லு உயிரோடதான் இருக்கா டாக்டர்? எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். தேவையில்லாமல் போகும் பல்லையாவது நாம் காப்பாற்றலாமே. சீனியர்கள் யாராவது "சின்னப் பையன் பேச்சு" என்று நினைத்தால் பின்னூட்டத்தில் வந்து தாராளமாகச் சண்டை போடலாம், காத்திருக்கிறேன்!

டிஸ்கி: நான் இன்னும் மாணவன்தான். இது கருத்துக் கட்டுரை, மருத்துவ ஆலோசனை அல்ல. தாடையில் வீக்கமோ மரத்துப்போதலோ இருந்தால் இதைப் படித்துக்கொண்டு உட்காராமல் நேரில் போய்க் காட்டுங்கள்.